பேசாத வாய் கட்டிய பாட்டு

மார்ச் 6, திங்கள்

போடிக்கு வந்து சேர்ந்துவிட்டோம். சனிக்கிழமை மதுரையில் அறுவை சிகிச்சை முடிந்தது. என் குரல் நாணில் பருப்பு அளவுக்கு ஒரு சதை வளர்ந்திருந்ததாம். வாய் வழியாகவே குழாய் விட்டு எடுத்துவிட்டார்கள். கண்ணாடி முன் நின்று பார்த்தேன். கழுத்தில் ஒரு கீறல் இல்லை.

டாக்டரம்மா கறாராகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒரு சொல் பேசக்கூடாது. குசுகுசுவென்றும் கூடாது, சத்தமாகப் பேசுவதைவிட அது கெடுதலாம். பாட்டைப் பற்றி மூன்று மாதத்துக்கு நினைக்கவே வேண்டாம்.

"நெனைக்கக் கூடாதுன்னா எப்படி டாக்டர்? அவளுக்கு நெனப்பே அதுதான?" என்று என் வீட்டுக்காரர் சன்னாசி மாமா கேட்டார். நினைத்துக்கொள்ளட்டும், வாயை மட்டும் திறக்க வேண்டாம் என்று டாக்டரம்மா சிரித்தார். பழைய குரல் அப்படியே திரும்புமா என்று மாமா அடுத்துக் கேட்டதற்குச் சிரிப்பு இல்லை. "பாக்கலாம்" என்றார்.

மகள் சுகப்பிரியா கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தவள், ஊருக்குக் கிளம்பும் முன் இரண்டு சாமான் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். மற்றவர்களிடம் பேச ஒரு சிலேட்டு. எனக்கு நானே பேசிக்கொள்ள இந்த டைரி.

மார்ச் 7, செவ்வாய்

பேசாமல் இருப்பது கஷ்டமில்லை. பேசாமல் காய்காரரிடம் பேரம் பேசுவதுதான் கஷ்டம். முருங்கைக்காய் என்ன விலை சொன்னாரோ அந்த விலைக்கே வாங்க வேண்டியதாகிவிட்டது.

மார்ச் 9, வியாழன்

நாகஜோதி வந்தாள். எங்கள் ஏலமலைக் கலைக்குழுவில் எனக்குப் பின்பாட்டு பாடுகிறவள். சேர்ந்தபோது ஒல்லியாக, மைக்கைப் பார்த்தாலே நடுங்குகிற பெண்ணாக இருந்தாள். இப்போது அவள் பையன் பள்ளிக்கூடம் முடிக்கப் போகிறான். பக்கத்தில் பிலவேந்திரனும் உட்கார்ந்திருந்தான். எங்களுக்குக் கீபோர்டு வாசிப்பவன்.

பங்குனி, சித்திரையில் ஒப்புக்கொண்ட கச்சேரிகளை என்ன செய்வது என்று பேச்சு. எல்லாம் கோயில் திருவிழாக்கள். வேறு குழுவுக்குக் கைமாற்றிவிடலாம் என்று பிலவேந்திரன் சொன்னான். உறுமி, தவில் அடிப்பவர்கள் எல்லாருக்கும் இந்த இரண்டு மாதம்தான் வருஷச் சோறு. நான் சிலேட்டில் எழுதினேன்: "நாகஜோதி பாடட்டும்."

அவள் படித்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"நான் ஒன் நெழலுக்கா. நெழலு மட்டும் தனியா எப்படி மேடையேறும்?"

"ஏறும்" என்று எழுதினேன். பெரிய எழுத்தாக எழுதியதில் பலப்பம் முறிந்தது.

எனக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. சந்தோஷம்தான்.

மார்ச் 10, வெள்ளி

உப்புமா. மாமா கிண்டியது. எழுத வேறொன்றும் இல்லை.

மார்ச் 12, ஞாயிறு

வாய் சும்மா இருந்தால் மனசு பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது. எழுதி வைக்கிறேன்.

மூன்றாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. தாவணி போட்ட வயதில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறினேன். விடியுமுன் போடியிலிருந்து கிளம்பினால் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு குடல் வாய்க்கு வரும். பத்துப் பேர் ஏற வேண்டிய வண்டியில் அதற்கு இரண்டு மடங்கு பெண்கள். ஒருத்தி வாந்தி எடுத்தால் போதும், வரிசையாக எல்லாரும் எடுப்பார்கள். பாடிக்கொண்டே இருந்தால் எனக்கு வாந்தி வரவில்லை என்று கண்டுபிடித்தேன். அதனால் பாடினேன். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோனது. மலை தீரவில்லை. அப்புறம் நானே கட்டினேன்.

மேகத்துக்குள்ள ஏறுது வண்டி
மேஸ்திரி நிக்கிறான் கம்ப ஊண்டி
ஏலக்கா வாசம் எங்க கையில
எங்களக் காணோம் பாயசத்துல

இதுதான் என் முதல் பாட்டு. கேட்டதும் ஜீப்பே சிரித்தது. கடைசி அடியில் சிரிப்பு நின்றது. அன்றைக்கே தெரிந்துவிட்டது எனக்கு, இது என் தொழில் என்று.

அந்த ஜீப்பை ஓட்டியவர்தான் சன்னாசி. பாட்டு முடியும்வரை வண்டியை உருட்டிக்கொண்டே போவார். பின்னால் வரும் வண்டிகள் ஆரன் அடித்து ஓயும். மேட்டில் இறங்கும்போது தோட்டத்து ஆள் ஏன் நேரமாச்சு என்று கத்துவான். "ரேடியேட்டர் சூடாயிருச்சு" என்பார். பொய் சொல்கிற முகமே இல்லை அவருக்கு. ஆனாலும் எனக்காகச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டார்.

மார்ச் 13, திங்கள்

விட்ட இடத்திலிருந்து.

கல்யாணமான புதிதில் அறிவொளி இயக்கத்துக்காரர்கள் தெருவுக்குத் தெரு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வந்தார்கள். பாட்டுக் கட்டுகிறவள் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டார்கள். நான் அவர்களுக்குப் பாட்டுக் கொடுத்தேன். அவர்கள் எனக்கு எழுத்துக் கொடுத்தார்கள். இந்த டைரியில் ஓடுகிற கையெழுத்து அங்கே பழகியது.

பிறகு ஊர் ஊராக மேடை. சொந்தக்காரர்கள் மாமாவை மடக்கினார்கள். பொண்டாட்டியை மேடையில் ஆட விட்டு நீ சோறு திங்கிறாயா என்று கேட்டார் அவர் சித்தப்பா. "ஆடல சித்தப்பா. பாடுறா. வந்து கேட்டுட்டுப் பேசுங்க" என்றாராம். சித்தப்பா வந்து கேட்டார். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் முன்வரிசையில் அவர்தான், சாகும்வரை.

ஒலிநாடா வந்த கதையும் இருக்கிறது. மதுரையில் ஒரு கடைக்காரர் ஒரே பகலில் பதிவு செய்து கொண்டுவந்தார். அட்டையைப் பார்த்தால் யாரோ ஒரு பெண் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், உதட்டுச் சாயத்தோடு. என் பேர் எங்கும் இல்லை. 'மலையோர மெட்டுகள்' என்று போட்டிருந்தது. அந்த நாடா போகாத டீக்கடை இல்லை. நான் சிரித்துக்கொண்டேன். பாட்டுப் போய்ச் சேர்ந்தால் சரி.

மார்ச் 15, புதன்

சின்னமனூரில் இன்று நாகஜோதியின் முதல் தனி மேடை. நான் போகவில்லை, கூட்டத்தில் தூசி. மாமா போய் அங்கிருந்து போனில் போட்டுக் காட்டினார்.

இரண்டாவது பாட்டில் மூச்சை இடையில் விட்டாள். மூன்றாவதில் தாளத்தைக் கொஞ்சம் ஓட்டினாள். "பாயசத்துல" என்று மேலே ஏறும் இடத்தில் நான் நிறுத்துகிறதைவிடக் கூடுதலாக நிறுத்தினாள். கை தட்டினார்கள், அதனால் நிறுத்தினாள் போலிருக்கிறது. மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை.

போன் முடிந்ததும் அடுப்படியில் பித்தளைப் பாத்திரம் எல்லாவற்றையும் இறக்கிப் புளிபோட்டு விளக்கினேன். பொங்கலுக்கு விளக்கியவைதான். பார்க்க மங்கலாக இருந்தது.

மார்ச் 18, சனி

மதுரை போய் வந்தோம். டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்தார். புண் நன்றாக ஆறியிருக்கிறதாம். இன்றிலிருந்து மெதுவாகப் பேசிப் பழகலாம் என்றார். "எங்க, 'ஆ'ன்னு சொல்லுங்க" என்று என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்று கையைக் காட்டினேன். அவசரப்பட்டு என்ன ஆகப்போகிறது?

பேருந்தில் ஆண்டிபட்டி வரைக்கும் நின்றுகொண்டே வந்தோம். உசிலம்பட்டியில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கினார் மாமா.

மார்ச் 20, திங்கள்

இன்று தலைக்குக் குளித்தேன். சளி பிடித்தாலும் பிடிக்கும், பேச வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

எதிர்வீட்டு லோகநாயகி வந்து, டாக்டர் என்ன சொன்னார், ஒச்சம்மா எப்போது பேசுவாள் என்று மாமாவிடம் விசாரித்தாள். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. "இன்னும் பேசச் சொல்லல தாயி. ஆறணும்ல" என்றார்.

மார்ச் 22, புதன்

பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியில் ஆண்டு விழா. ஒலிபெருக்கியில் என் ஏலக்காய்ப் பாட்டுக்குப் பிள்ளைகள் ஆடினார்கள். நம் முன்னோர்கள் மலையில் பாடிய பாடல் என்று அறிவித்தார் ஒருவர். உயிரோடு இருக்கும்போதே முன்னோர் ஆகிவிட்டேன். சிரிப்புத்தான் வந்தது.

மாமா எழுந்து போய் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். நான் சாத்தச் சொல்லவில்லை.

மார்ச் 23, வியாழன்

ஒரு பாட்டு வந்திருக்கிறது.

காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். லோகநாயகி வீட்டில் ஏதோ பேச்சு முற்றி, "நீ பேசாத" என்று அவள் புருஷன் அதட்டியது கேட்டது. நானும் மூன்று வாரமாக இதைத்தானே கேட்கிறேன் என்று தோன்றியது. அப்புறம் யோசித்தால் மூன்று வாரமா? என் அப்பா சொன்னார். தோட்டத்தில் மேஸ்திரி சொன்னான். தேங்காய் முடியும் முன்னே நாலு அடி வந்துவிட்டது.

பேசாத புள்ளன்னான் பெத்த அப்பன் – ஊருப்
பெரியவுக முன்ன
பேசாமப் பறியின்னான் மேஸ்திரி – ஏலப்
பெருங்காட்டுக் குள்ள
பேசவே கூடாது தாயின்னாக – தொண்டப்
புண்ணாறு மட்டும்
பேச எனக்கொரு நாளுவேணும் – அத
யாருதரக் கிட்டும்?

வாயைத் திறக்காமல் பாட்டுக் கட்டுவது இதுதான் முதல் தடவை. தலைக்குள்ளே பாடினேன். தலைக்குள் என் குரல் முன்போலவே இருக்கிறது. எந்த உயரத்துக்கும் போகிறது. பிசிறு இல்லை, மூச்சு வாங்கவில்லை. அங்கேயே பாடிக்கொண்டு இருந்துவிடலாம் போல இருக்கிறது.

மார்ச் 26, ஞாயிறு

இன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு குலுங்குகிறது.

பாட்டை எழுதி நாகஜோதியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்: "மெட்டு என்னக்கா?"

அதைத்தான் நான் யோசிக்கவில்லை. மெட்டு என் தலைக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுக்க வழி இல்லை. பிலவேந்திரன் கீபோர்டைத் தூக்கிவந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்தினான், இதுவா இதுவா என்று. அது கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிற மாதிரி இருந்தது. ஒன்று கிடைக்கும்போது இன்னொன்று நழுவியது.

மாமா வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் பாடி யாரும் கேட்டதில்லை. ஜீப் ஆரனுக்குக்கூட அதைவிட நல்ல சாரீரம். என்ன தோன்றியதோ, எழுந்து வந்து என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நான் பாடுறேன். தப்புன்னா அடி" என்றார்.

பாடினார். ஐயோ. நாகஜோதி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். நான் அவர் தொடையில் ஒரு அடி போட்டேன். மேலே என்று கையைத் தூக்கினேன். மேலே போனார். அவ்வளவு மேலே இல்லை என்று இறக்கினேன். ஒரு அடியில் நீட்ட வேண்டிய இடத்துக்கு அவர் கையைப் பிடித்து இழுத்தேன், வெட்ட வேண்டிய இடத்தில் கிள்ளினேன். வலித்தாலும் நிறுத்தவில்லை. வேர்த்து ஊற்றியது. ஆனால் எனக்கு ஒன்று ஆச்சரியம். நான் எங்கே மூச்சு விடுவேன், எந்தச் சொல்லில் சாய்வேன் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. சுருதி ஒன்றுதான் இல்லை. மற்ற எல்லாம் நான்தான்.

நாகஜோதி சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தாள். அவர் கழுதைக் குரலுக்கு உள்ளே எங்கேயோ இருந்த மெட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தானும் பாடினாள். மூன்றாவது தடவை அது அப்படியே என் பாட்டாக வந்தது. நான் கையைத் தரையில் தட்டினேன். அதுதான், அதுதான்.

மாமா தொடையைத் தடவிக்கொண்டு போய்ப் பேப்பரை விட்ட இடத்திலிருந்து படித்தார்.

மார்ச் 29, புதன்

நாகஜோதி தனியாக வந்தாள். திண்டுக்கல்லில் ஒரு பெரிய குழு அவளைக் கேட்டிருக்கிறது. முதல் பாட்டுக்காரியாக, சுவரொட்டியில் அவள் படத்தோடு. என்னிடம் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை என்றாள்.

நான் சிலேட்டை எடுத்து, "போ. நல்ல இடம்" என்று எழுதி நீட்டினேன். எழுத்துக் கோணாமல் எழுதினேன்.

அவள் வாங்கிப் படித்தாள். முந்தானையால் அதைத் துடைத்தாள். துடைத்த சிலேட்டை என் மடியில் வைத்தாள்.

"அங்க போனா மத்தவுக பாட்டத்தான்க்கா நான் பாடணும். புதுப்பாட்டு யாரு கட்டுவா?" என்றாள். பிறகு, வாழைப்பூ இருக்கிறதா, வடை சுடலாமா என்று கேட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

வடை நன்றாக இருந்தது. எண்ணெய்ப் பண்டம் தொண்டைக்கு ஆகாது என்று எனக்கு ஒன்றுதான் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 2, ஞாயிறு

தேவாரம் ஊரில் மாலைக் கச்சேரி. இந்த முறை நானும் போனேன். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பெண்கள் பக்கம் தரையில் உட்கார்ந்தேன். மேடைக்கு எதிரே உட்கார்ந்து என் குழுவைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. உறுமி இவ்வளவு நன்றாகக் கேட்கும் என்று மேடையில் நின்றபோது தெரியவில்லை.

நாகஜோதி புதுப்பாட்டை எடுத்தாள். "பெத்த அப்பன்" என்றதும் ஆண்கள் பக்கம் சிரிப்பு. "மேஸ்திரி" வந்ததும் பெண்கள் பக்கம் சிரிப்பு. கடைசி அடிக்கு யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் திரும்பப் பாடு என்று ஒரே கூச்சல். பாடினாள். மூன்றாம் தடவையும் கேட்டார்கள்.

என் பக்கத்தில் இருந்தவள் கையில் கைப்பிள்ளையோடு இருந்தாள். பாட்டு முடிந்ததும் என் முழங்கையை இடித்து, "இந்தப் பாட்டக் கட்டுனவ எங்க வீட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்து பாத்திருப்பா போல" என்றாள்.

நான் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்துவிட்டது. சிலேட்டு வேனில் இருந்தது. தலையை ஆட்டினேன். அவள் என்னை ஊமை என்று நினைத்திருப்பாள். பிள்ளைக்குக் கொடுக்க வைத்திருந்த பிஸ்கட்டில் எனக்கு ஒன்று கொடுத்தாள்.

ஏப்ரல் 9, ஞாயிறு

மதுரையில் அடுத்த ஞாயிறு வைகைக் கலைவிழா. பல மாவட்டக் குழுக்கள் வருகின்றன. அழைப்பிதழ் வந்தது. எங்கள் பேருக்கு நேரே 'மலைத்தோட்ட மரபுப் பாடல்கள்' என்று அச்சடித்திருக்கிறார்கள்.

நாகஜோதிக்குக் கோபம். போன் போட்டு, மரபு இல்லை, ஒச்சம்மா கட்டிய பாட்டு என்று சொல்லியிருக்கிறாள். அச்சாகிவிட்டதாம். மேடையில் சரியாகச் சொல்லிவிடுவார்களாம். விடு என்று நான் எழுதினேன். பாட்டுக்கு மேல் என் பேரை ஒட்டிக்கொண்டா அலைய வேண்டும்?

மாமா கேட்டுக்கொண்டு இருந்தவர், "ஒட்டத்தான் செய்யணும்" என்றார்.

ஏப்ரல் 17, திங்கள்

நேற்று நடந்ததை இன்று நிதானமாக எழுதுகிறேன்.

விழா மைதானத்தில் பந்தல். எங்களுக்கு முன் ஒரு ஒயிலாட்டக் குழு. நாங்கள் மேடை ஓரத்துப் படுதாவுக்குப் பின்னால் நின்றோம். நான் ஊதா நிறச் சேலை கட்டியிருந்தேன். மேடை ஏறுகிற வேலை இல்லை, ஆனாலும் கட்டினேன்.

அறிவிப்பாளர் நல்ல கம்பீரமான மனிதர். கையில் இருந்த தாளைப் பார்த்துப் படித்தார். அடுத்து வருவது ஏலமலைப் பெண்களின் பாடல், தலைமுறை தலைமுறையாக வாய்வழியே வந்தது, இதைக் கட்டியவர் யார் என்று யாருக்கும் தெரியாது, பேரில்லாத அந்தத் தாய்மார்களை வணங்குவோம் என்றார். கூட்டம் கை தட்டியது. அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் என்னைச் சுட்டது. செத்தவர்களுக்குச் செய்கிற மரியாதை அது.

நாகஜோதி மைக்கின் முன்னால் நின்றவள் திரும்பி என்னைப் பார்த்தாள். உறுமிக்காரர் குச்சியை ஓங்கியபடியே நின்றார். யாரும் தொடங்கவில்லை.

நான் எப்போது நடந்தேன் என்று எனக்குத் தெரியாது. படுதாவை விலக்கியது ஞாபகம் இருக்கிறது. விளக்கு கண்ணில் அடித்தது. நாகஜோதி ஒதுங்கி மைக்கை விட்டாள்.

"அது நான் கட்டுனது" என்றேன்.

எனக்கே யாரோ பின்னாலிருந்து பேசியது போல இருந்தது. என் குரல் இல்லை அது. தாழ்ந்து, கரடுமுரடாக, மலைப்பாதையில் கல் உருளுகிற மாதிரி. ஒரு கணம் அந்தக் குரலைக் கேட்டு நானே நின்றுவிட்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதான். மேலே போனேன்.

"எம் பேரு ஒச்சம்மா. போடிக்காரி. ஏலக்கா பறிக்கப் போன ஜீப்புல கட்டுனேன். நான் உசுரோடதான் இருக்கேன். தொண்டைக்கு வைத்தியம் பாத்திருக்கேன், அதனால இன்னைக்கு நாகஜோதி பாடுவா. பாட்டு என்னோடது."

கூட்டத்தில் எங்கோ நடுவிலிருந்து ஒருவர் எழுந்தார். பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள். கை தட்டல் பந்தலைத் தூக்கியது. அறிவிப்பாளர் பக்கத்தில் வந்து, தப்பாகப் படித்துவிட்டேன் அம்மா என்று மைக்கிலேயே சொன்னார். என் பேரைத் திரும்ப ஒரு தரம் அழுத்திச் சொன்னார். நான் அவருக்குக் கும்பிட்டேன்.

நாகஜோதி பாடினாள். முதலில் ஏலக்காய்ப் பாட்டு, அதன் பின் புதுப்பாட்டு. இரண்டுக்கும் முன்னால், "இது எங்கக்கா ஒச்சம்மா கட்டுனது" என்று சொல்லிவிட்டுப் பாடினாள். "பாயசத்துல" என்ற இடத்தில் என்னைவிடக் கூடுதல் நேரம் நின்றாள். அது அப்படி நிற்க வேண்டிய இடம்தான். நான் பாடும்போது எனக்கு அது தெரிந்ததில்லை.

படுதாவுக்குப் பின்னால் மாமா என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மேடை ஏறும்போது நான் அதை உதறியதுகூட எனக்குத் தெரியவில்லை.

"தெனமும் வீட்டுல பேசுவ பேசுவன்னு பாத்தேன். மொதப் பேச்சே மைக்குலதானா?" என்றார்.

"ஏன் மாமா, நல்லா இல்லையா?" என்றேன்.

"ரேடியேட்டர் சூடான மாதிரி இருக்கு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

ஏப்ரல் 18, செவ்வாய்

லோகநாயகியிடம் பேசினேன். அவள் பயந்துபோய், குரல் இப்படியே இருந்துவிடுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். காய்காரரிடமும் பேசினேன். முருங்கைக்காய் பழைய விலைக்கு வந்துவிட்டது.

ஏப்ரல் 29, சனி

டாக்டரம்மா தீர்த்துச் சொல்லிவிட்டார். பேச்சு இன்னும் தெளியும். பாடவும் பாடலாம், பயிற்சி எடுத்தால். ஆனால் மேல்ஸ்தாயி திரும்பாது. அங்கே ஏறினால் மறுபடியும் புண்ணாகும்.

மாமா பேருந்து நிலையத்தில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அழவில்லை. டீ சூடாக இருந்தது, கண்ணில் ஆவி பட்டது.

வீட்டுக்கு வந்து பிலவேந்திரனைக் கூப்பிட்டேன். கீபோர்டில் எவ்வளவு கீழே இறங்கலாம், பார்ப்போம் என்றேன். இறங்கினோம். ஒரு இடத்தில் என் தொண்டை தானாகப் போய் உட்கார்ந்தது. அந்த இடத்துக்கு இதுவரை நான் போனதே இல்லை. இத்தனை வருஷம் மேலேயே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இந்தக் குரலுக்குப் புதிதாகப் பாட்டுக் கட்ட வேண்டும். பழையவற்றை நாகஜோதி வைத்துக்கொள்ளட்டும். இதை இப்போது சிலேட்டில் எழுதாமல் வாயாலேயே அவளிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

மே 14, ஞாயிறு

பயிற்சி. குழாயைத் தண்ணீரில் விட்டு ஊது என்கிறார்கள். குமிழி விடுகிறேன். அரைத்த மாவு புளித்துப் பொங்கிவிட்டது, கவனிக்கவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

கோம்பையில் இன்று பாடினேன்.

முதல் பாதி நாகஜோதி. இரண்டாம் பாதியில் நான் ஏறினேன். புதிதாகக் கட்டிய தாழ்ந்த பாட்டு. முதல் அடி வந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பழைய குரலைக் கேட்டு வளர்ந்த ஊர் அது. முன்னால் நின்ற ஒரு ஆள் கொஞ்சம் குடித்திருந்தார். "என்னக்கா, கொரலு கட்டிக்கிருச்சா?" என்று கத்தினார். நாகஜோதி முறைத்தாள். மாமா மேடையோரத்தில் ஒரு அடி எடுத்து வைத்தார்.

நான் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கில் சொன்னேன்: "கட்டலய்யா. எறங்கியிருக்கு. மலையேறுனவ எறங்கத்தான செய்யணும். நீங்களும் உக்காருங்க, எறங்கிப் பாப்போம்."

சிரித்தார்கள். அந்த ஆளும் சிரித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். உறுமி இழுத்தது. நான் மறுபடியும் முதல் அடியிலிருந்து எடுத்தேன். இந்தத் தடவை சலசலப்பு இல்லை. இரண்டாம் சரணத்தில் நாகஜோதி மேலே ஏறிக்கொண்டாள், நான் கீழே நின்றேன். இரண்டு குரலும் சேர்ந்தபோது முன்வரிசையில் ஒருத்தி மடியில் தூங்கிய பிள்ளையை எழுப்பிக் கேள் என்று காட்டினாள்.

முடிந்ததும் ஊர்ப் பெரியவர் சால்வையோடு வந்தார். யாருக்குப் போடுவது என்று தெரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாடியதற்கு அவளுக்குப் போடுங்கள், கட்டியதற்கு எனக்குப் போடுங்கள் என்றேன். ஒன்றுதான் இருந்தது. இருவர் தோளுக்கும் சேர்த்துப் போட்டார். அகலமான சால்வை.

மூன்றாம் சரணத்தில் ஒரு சொல் தட்டுகிறது. செவ்வாய்க்கிழமை கம்பம் ஊரில் பாடுவதற்குள் அதை மாற்ற வேண்டும்.